ஏலகிரி ஏறாத அம்பாசடர்: கார்புரேட்டரா, இக்னிஷனா, எதில் முதலில் கை வைப்பது?

சத்துவாச்சாரி 78:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1978 மார்க் 3 அம்பாசடர் இருக்கிறது. பெட்ரோல் வண்டி, 1489 சிசி, எஸ்யூ கார்புரேட்டர், லூகாஸ் டிவிஎஸ் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது), அதற்குள் திறந்து மூடும் பிளாட்டினம் பாயிண்ட். நைனா வாங்கிய வண்டி. நான் பிறந்ததும் சிஎம்சி ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்த வண்டிதான். நைனா தவறி மூன்று வருடம் ஆகிறது. கடைசி வரை அவரே டியூனிங் பார்த்துக்கொண்டார். இப்போது என் கையில் வந்திருக்கிறது, எனக்குப் பாதிதான் தெரியும்.

போன ஞாயிறு குடும்பத்தோடு ஏலகிரிக்குக் கிளம்பினோம். பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி வரை எழுபதில் அருமையாக வந்தது. மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் இழுவை போய்விட்டது. நாலைந்து வளைவு தாண்டியதும் மிஸ்ஸிங், கார்புரேட்டர் பக்கம் ‘டப் டப்’ என்று வெடிச் சத்தம். பாரி பெயர்ப் பலகை இருக்கும் வளைவுக்குப் பக்கத்தில் நின்றேவிட்டது. பானெட்டைத் திறந்து வைத்து இருபது நிமிடம் காத்திருந்தோம், செல்ஃப் அடித்ததும் எடுத்துக்கொண்டது. மேலே போகத் துணிவில்லாமல் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னும் இரண்டு குறைகள். இஞ்சின் சூடாக இருக்கும்போது கிரீன் சர்க்கிள் சிக்னலில் நின்றால் ஐட்லிங்கில் வண்டியே நடுங்குகிறது. முன்பு லிட்டருக்குப் பத்து கொடுத்தது, இப்போது ஏழரைக்கு மேல் தருவதில்லை.

கையில் பதினைந்தாயிரம் இருக்கிறது. ஒரு மெக்கானிக் கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார், புதுப்பேட்டையில் கிடைக்குமாம். இன்னொருவர் பிளாட்டினம் பாயிண்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போடச் சொல்கிறார். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை. எதை முதலில் செய்யலாம்?

குடியாத்தம் பத்மினி:

எலக்ட்ரானிக் கிட் போடுங்கள். என் பத்மினி காரில் போட்டுப் பல வருடம் ஆகிறது. மாதம் இரண்டு முறை சென்னை போய் வருகிறேன், வழியில் ஒரு தடவைகூட டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்ததில்லை.

காரணம் சொல்கிறேன். நாலு சிலிண்டர் இஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நொடிக்கு 100 ஸ்பார்க். அத்தனை தடவை பாயிண்ட் திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு தடவையும் பாயிண்ட்டின் ஃபைபர் கால் கேம் மேல் உரசித் தேய்கிறது. தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், பின்னால் போகும். ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் ஒரே நாளில் நடப்பதில்லை. கிட்டில் உரசும் பாகமே கிடையாது. ஒருமுறை வைத்த டைமிங் அப்படியே நிற்கும்.

வாலாஜா ரோடு:

நான் கார்புரேட்டர் பக்கம் என்றுதான் சொல்வேன். இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய காற்று 14.7 கிலோ வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அப்படியென்றால் பழைய கணக்குக்குச் செய்த ஊசியும் ஜெட்டும் இந்தக் கலவைக்குக் குறைவாகவே பெட்ரோல் விடும். ஏழெட்டு சதவீதம் லீன், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறைந்த கலவை, ஆகிவிடும். கார்புரேட்டர் வழியாக ‘டப் டப்’ என்று வெடிப்பது லீன் வண்டியின் அடையாளம்.

அது மட்டுமில்லை. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் ஊற வைத்துக் கெடுக்கும். வண்டி பல நாள் நின்றால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், டேங்க் அடியில் துரு பிடிக்கும். எந்த வேலைக்கு முன்னாலும் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள் தம்பி. சூடான மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிவது உயிர் போகும் விஷயம்.

பட்டறை ஐயா:

தம்பி, நான் காட்பாடியில் நாற்பது வருடம் பட்டறை வைத்திருந்தவன். இப்போது கண் சரியில்லை, வேலை செய்வதில்லை. அம்பாசடர் மட்டும் எத்தனை கை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

இருவரும் சொன்னது பொய் இல்லை. ஆனால் உங்கள் வண்டிக்கு எது என்று அதில் தெரியாது. வண்டி எங்கே மக்கர் பண்ணுகிறது என்பதை வைத்துத்தான் நோயைப் பிடிக்க வேண்டும். நீங்கள் சொன்ன குறைகள் மூன்றும் ஒரே நோய் மாதிரி எனக்குத் தெரியவில்லை.

மேடு ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்திருப்பீர்கள். பட்டர்ஃப்ளை (கார்புரேட்டருக்குள் வழியைத் திறந்து மூடும் தட்டு) முழுதும் திறந்திருக்கும், சிலிண்டருக்குள் நிறையக் கலவை போகும், அமுக்கம் கூடும். அமுக்கம் கூடினால் பிளக் முனையில் ஸ்பார்க் தாவுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். காயில் (ஸ்பார்க்குக்கு வேண்டிய வோல்டேஜ் கொடுப்பது), கண்டன்சர் (பாயிண்ட் கருகாமல் காப்பது), பிளக் வயர், மூடி, இவற்றில் எது சோர்ந்திருந்தாலும் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். சமவெளியில் எழுபதில் அலுங்காமல் வந்த வண்டி மலையில் மிஸ்ஸிங் அடிக்கிறது, ஆறியதும் சரியாகிறது என்றால் என் முதல் சந்தேகம் கண்டன்சர். இரண்டாவது காயில். மூன்றாவதுதான் பெட்ரோல் வரத்து.

சிக்னலில் நடுங்குவது வேறு. ஐட்லிங்கில் பட்டர்ஃப்ளை கிட்டத்தட்ட மூடியிருக்கும், மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சல் பலமாக இருக்கும். பட்டர்ஃப்ளையைத் தாங்கும் தண்டான ஸ்பிண்டில் தேய்ந்திருந்தால் அந்த இடுக்கு வழியாகக் கள்ளக் காற்று புகும், கலவை லீன் ஆகும், வண்டி நடுங்கும். முழுக்க மிதித்துப் போகும்போது இதே ஓட்டையால் பெரிய பாதிப்பு இருக்காது, அப்போது உறிஞ்சலே குறைவு. அதனால் ஏலகிரியில் நின்றதற்கு ஸ்பிண்டில் மேல் பழி போட முடியாது.

மைலேஜ் குறைந்ததற்கு வேக்கம் அட்வான்ஸ் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். சீராக ஓடும்போது டைமிங்கை முன்னால் தள்ளிப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பது அதன் வேலை. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்திலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் மெல்லிய குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சிப் பாருங்கள். உள்ளே தட்டு நகர வேண்டும், நாக்கால் அடைத்தால் பிடித்து நிற்க வேண்டும். காற்று சும்மா வந்துகொண்டே இருந்தால் டயாஃப்ரம் போச்சு.

ஒரு ரூபாய் செலவு செய்யும் முன் இவற்றைப் பார்த்து எழுதுங்கள். நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எவ்வளவு? டாப்பெட் சத்தம் எப்படி? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, ரோட்டரைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். சுழற்றச் சொல்லவில்லை, பக்கவாட்டில் ஆட்டச் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆடினால் புஷ், அதாவது தண்டைத் தாங்கும் வளையம், தேய்ந்துவிட்டது. புஷ் தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளியை எத்தனை தடவை 0.40 மி.மீ. வைத்தாலும் நிற்காது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு டைமிங் ஆகிவிடும். அதன் மேல் விலை உயர்ந்த கிட்டை உட்கார வைத்தாலும் ஓரளவுக்குத்தான் தாங்கும்.

இருட்டிய பிறகு, லைட் இல்லாத இடத்தில் இஞ்சினை ஓடவிட்டுப் பானெட்டைத் திறந்து பாருங்கள். பிளக் வயரிலோ மூடியிலோ நீலமாகப் பொறி ஓடினால் அதை மாற்றியாக வேண்டும்.

ஹெரால்டு அக்கா:

ஐயா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். என்னிடம் அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது, நம் சென்னை வண்டலூர் பக்கம் செய்த வண்டி, 948 சிசி. நானும் ஆசைப்பட்டு எலக்ட்ரானிக் கிட் போட்டேன். ஆறே மாதத்தில் ஆற்காடு தாண்டி நெடுஞ்சாலையில் பேச்சு மூச்சில்லாமல் நின்றுவிட்டது. மிஸ்ஸிங் இல்லை, முன்னறிவிப்பு இல்லை. வண்டியை இழுத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தோம்.

பிறகு காரணம் தெரிந்தது. கிட்டுக்கு 3 ஓம் காயில் வேண்டும் என்று அதன் தாளிலேயே எழுதியிருந்தது. போட்டவர் கையில் இருந்த 1.5 ஓம் காயிலை மாட்டியிருந்தார். ஓம் பாதியானால் மின்சாரம் இரண்டு மடங்கு. 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் 8 ஆம்பியர், மாட்யூல் வெந்துவிட்டது. இஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டு வைத்தாலும் சில கிட்கள் சூடாகிக் கெட்டுவிடும்.

புதிய காயிலோடு வேறு கிட் போட்டு இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனாலும் பழைய பாயிண்ட் பிளேட்டை, பாயிண்ட், கண்டன்சரோடு செட் செய்து துணியில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறேன். பாயிண்ட் கெட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாவது ஊர் வந்து சேரலாம், மாட்யூல் கெட்டால் ரோட்டோரத்தில் ஒன்றும் செய்ய முடியாது. தனியாக ஓட்டுகிற பெண்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

குடியாத்தம் பத்மினி:

அக்கா சொன்னது சரி, காயில் விஷயத்தை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாங்கும் முன் மல்டிமீட்டரில் காயிலின் இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே ஓம் பார்த்துவிடுங்கள். ஆனால் ஐயாவிடம் ஒரு கேள்வி. இப்போது கடையில் கிடைக்கும் கண்டன்சர்களின் தரம் முன்பு மாதிரி இல்லையே? நான் கிட்டுக்கு மாறியதே அதனால்தான். ஒரே கோடையில் மூன்று கண்டன்சர் மாற்றினேன்.

பட்டறை ஐயா:

உண்மைதான். நான் மறுக்கவில்லை. பாயிண்ட் முனை சீக்கிரமே கருகி ஒரு பக்கம் குழியும் ஒரு பக்கம் மேடுமாக ஆகிறதென்றால் கண்டன்சர் சரியில்லை என்று அர்த்தம். பழைய இருப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

சத்துவாச்சாரி 78:

ஐயா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. சோதனைகளை சனிக்கிழமை செய்கிறேன். அதற்குள் ஒரு சின்ன கேள்வி. இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் போட்டால் இழுவை எகிறும் என்று என் மச்சான் சொல்கிறான். அந்தக் காலத்து எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் இதே இஞ்சின்தானாமே?

பட்டறை ஐயா:

இஞ்சின் குடும்பம் ஒன்றுதான், பிஎம்சி பி சீரிஸ், 1489 சிசி. எம்ஜிஏவில் அது 68 குதிரைத்திறன் கொடுத்தது, பிறகு 72 ஆக்கினார்கள். நம் அம்பாசடரில் ஐம்பதைச் சுற்றித்தான். மச்சான் சொன்னதில் பாதி சரி. ஆனால் அந்தக் கூடுதல் திறன் இரண்டாவது கார்புரேட்டரால் மட்டும் வந்ததில்லை. கம்ப்ரஷன் அதிகம், கேம் வேறு. அவை இல்லாமல் இரட்டை கார்புரேட்டர் மாட்டினால் இரண்டையும் ஒரே சுருதியில் வைக்கிற வேலைதான் மிஞ்சும். ஓடுகிற வண்டிக்கு ஆசைப்பட்டுச் செய்யலாம், நோயில் இருக்கிற வண்டிக்கு வேண்டாம்.

ஏலகிரி 1100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிடப் பத்து சதவீதம் போலக் குறைவு. அந்தப் பத்து சதவீத இழுவையை எந்தப் பாகம் மாற்றியும் திரும்ப வாங்க முடியாது. மேலே போனதும் கொஞ்சம் சோர்வாக இருக்கிறதே என்று எதையும் திருகிவிடாதீர்கள்.

சத்துவாச்சாரி 78:

சோதனை முடிவுகள்.

கம்ப்ரஷன் 125, 120, 125, 118. டாப்பெட் இரண்டு தளர்ந்திருந்தது, சரி செய்தாயிற்று. காயில் 3.1 ஓம். பிளக் நாலும் சாம்பல் கலந்த வெள்ளை, மூன்றாவது மட்டும் கருப்பு. ரோட்டரை ஆட்டினால் நன்றாகவே ஆடுகிறது, எனக்கே தெரிந்தது. மெல்லிய குழாயை உறிஞ்சினேன், தட்டு நகரவில்லை, காற்று சும்மா வருகிறது. ராத்திரி பார்த்தபோது மூன்றாவது பிளக் வயரில் நீலப் பொறி. ஐட்லிங்கில் ஓடும்போது ஸ்பிண்டிலின் இரண்டு முனையிலும் பிரஷ்ஷால் கெட்டியான ஆயில் தடவினேன், சில நொடி நடுக்கம் குறைந்து மறுபடி வந்தது.

பம்ப் குழாயைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு, காயில் வயரை எடுத்துவிட்டு செல்ஃப் அடித்தேன். பெட்ரோல் ஒவ்வொரு அடிக்கும் நன்றாகவே வருகிறது.

பட்டறை ஐயா:

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். உங்கள் நைனா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கம்ப்ரஷன் நல்லது, இஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறது. பெட்ரோல் வரத்தும் சரி. முதலில் இக்னிஷன், அதிலும் கிட் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரையே கழற்றி லேத்தில் புது புஷ் போட வேண்டும். வேகத்துக்கு ஏற்ப டைமிங்கை முன்னால் தள்ளும் அட்வான்ஸ் வெயிட் இரண்டும் துரு பிடித்து ஒட்டியிருக்கும், மண்ணெண்ணெயில் கழுவி ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டச் சொல்லுங்கள். வேக்கம் யூனிட், பிளக் வயர் செட், மூடி, ரோட்டர், பாயிண்ட், கண்டன்சர் எல்லாம் புதிது. பிளக் இடைவெளி 0.6 மி.மீ. பாயிண்ட் 0.35இலிருந்து 0.40க்குள். டைமிங் வைத்த பிறகுதான் கார்புரேட்டர் பக்கமே போக வேண்டும். டைமிங் தப்பாக இருக்கும்போது கார்புரேட்டரைத் திருகினால் ஒரு தப்பை இன்னொரு தப்பால் மூடுகிற மாதிரி, அப்புறம் இரண்டையும் கண்டுபிடிக்க முடியாது.

கார்புரேட்டரை மாற்ற வேண்டாம். ஸ்பிண்டிலுக்கு புஷ் போட்டால் போதும். எஸ்யூ மாதிரி எளிமையான கார்புரேட்டர் வேறு இல்லை, ஒரு பிஸ்டன், ஒரு ஊசி, ஒரு ஜெட். அதைப் புதுப்பிக்காமல் தூக்கிப் போடுவது எனக்கு மனசு வராத காரியம்.

ராணிப்பேட்டை லேத்:

சார், ஸ்பிண்டில் புஷ் வேலை நான் செய்திருக்கிறேன், ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டர் பாடி அலுமினியக் கலவை, துளை போடும்போது கொஞ்சம் சாய்ந்தாலும் பட்டர்ஃப்ளை மூடாது, ஐட்லிங்கே குறையாது. இரண்டு பக்கத் துளையையும் ஒரே பிடியில் ரீமர் போடுகிறவரிடம் கொடுங்கள். பித்தளை புஷ், புது ஸ்பிண்டில். பட்டர்ஃப்ளை ஸ்க்ரூ இரண்டும் புதிதாகப் போட்டு முனையை விரித்துவிடச் சொல்லுங்கள். கழன்றால் நேரே இஞ்சினுக்குள் போய்விடும். அவசரப்படுத்தாதீர்கள், ஒருநாள் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

வாலாஜா ரோடு:

ஐயாவின் வரிசையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எத்தனால் கணக்கை மறந்துவிடாதீர்கள் என்பதை மறுபடியும் சொல்கிறேன். புஷ் போட்ட பிறகு ஜெட் நட்டை ஒன்றோ இரண்டோ முகம் கீழே இறக்க வேண்டி வரும். ஒரு முகம் என்பது ஆறில் ஒரு சுற்று.

பட்டறை ஐயா:

ஆமாம், அதற்குச் சோதனை சொல்கிறேன். இஞ்சின் நன்றாகச் சூடானதும் கார்புரேட்டர் பிஸ்டனை அடியிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே இருந்தால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். உடனே தள்ளாடி அணையப் பார்த்தால் லீன். லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. கார்புரேட்டர் மேலே இருக்கும் டாஷ்பாட்டில் ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது வற்றினால் மிதிக்கும்போது வண்டி தயங்கும்.

சத்துவாச்சாரி 78:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு புஷ் போட்டாயிற்று. வெயிட் இரண்டும் ஐயா சொன்ன மாதிரியே ஒட்டிக் கிடந்தன. மூடி, ரோட்டர், வயர், வேக்கம் யூனிட் எல்லாம் சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கினேன். கண்டன்சருக்குக் கடை கடையாக அலைந்துவிட்டு வீட்டுக்கு வந்து நைனாவின் தகரப் பெட்டியைத் திறந்தால், அடியில் எண்ணெய்த் தாளில் சுற்றி மூன்று லூகாஸ் டிவிஎஸ் கண்டன்சர்கள், பிரிக்காதவை. ஒவ்வொன்றின் மேலும் வாங்கிய விலையை பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றைப் போட்டேன், இரண்டு அப்படியே இருக்கிறது.

இக்னிஷன் மட்டும் முடிந்த நிலையிலேயே மிஸ்ஸிங் நின்றுவிட்டது. ஆனால் சிக்னல் நடுக்கம் துளிகூடக் குறையவில்லை, ஐயா பிரித்துச் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அதன் பிறகு ஸ்பிண்டில் புஷ். நடுக்கம் போச்சு. ஜெட் இரண்டு முகம் இறக்கியிருக்கிறேன். பெட்ரோல் ஹோஸ் எல்லாம் புதிது. மொத்தச் செலவு பதினோராயிரத்துச் சொச்சம்.

நேற்று ஏலகிரி போனோம். பதினாலு வளைவும் மூன்றாவது கியரிலும் இரண்டாவதிலும் மூச்சு வாங்காமல் ஏறியது. அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயர்ப் பலகையையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். மைலேஜ் ஒன்பதரை.

ஒரு குறை மட்டும் மிச்சம். வெயிலில் ஓட்டி நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் நிறைய நேரம் எடுக்கிறது.

பட்டறை ஐயா:

அது வேப்பர் லாக், சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வரத்தை அடைப்பது. நம் ஊர் வெயிலுக்கும் இந்தப் பெட்ரோலுக்கும் அது வரும். நிறுத்தியதும் பானெட்டைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள், பம்ப் மேல் ஈரத்துணி போடுங்கள். நிரந்தரத்துக்கு, பெட்ரோல் குழாய் சைலன்சர் பக்கம் உரசிப் போகிற இடத்தில் தள்ளிக் கட்டி, கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு வையுங்கள்.

குடியாத்தம் பத்மினி:

ரொம்ப சந்தோஷம் தம்பி. மிச்சம் கிட்டத்தட்ட நாலாயிரம் இருக்கிறதே, புஷ் போட்ட டிஸ்ட்ரிபியூட்டரில் இப்போது கிட் போட்டால் உட்கார்ந்த இடத்தில் நிற்கும். போடுவீர்களா?

சத்துவாச்சாரி 78:

இப்போதைக்கு இல்லை அண்ணா. பெட்டியில் இன்னும் இரண்டு கண்டன்சர் இருக்கிறது. அவை தீரும்வரை பாயிண்ட்டிலேயே ஓட்டுகிறேன். கேம் மேல் கிரீஸ் எவ்வளவு வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் ஐயா.

பட்டறை ஐயா:

தீக்குச்சி முனையில் எடுக்கிற அளவு. அதற்கு மேல் வைத்தால் பாயிண்ட்டில் தெறிக்கும்.